ஆர்.ஓ.வில் ஒரு குடம் குடிநீருக்கு எத்தனை குடம் வீண்?

சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் ஓடும்போது சிங்க்கில் தொங்கும் அந்த மெல்லிய டியூபைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மெஷினுக்குள் ஒரு லிட்டர் குடிநீர் சேர்வதற்குள் அதன் வழியாக இரண்டு, மூன்று லிட்டர் போயிருக்கும். கவனிக்காமல் விட்ட மெஷின் என்றால் ஐந்து லிட்டர்கூடப் போகும். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்று வைத்தால், மூன்று மடங்குக் கணக்கில் 60 லிட்டர் ஓடைக்குப் போகிறது. ஐந்து மடங்கு என்றால் 100 லிட்டர். சித்திரையில் கிணற்று வாளி தரை தட்டும் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தின் கனம் தெரியும்.

அந்தத் தண்ணீர் போவதை முழுதாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் தேவைக்கு மேல் வீணாக்கும் மெஷினை வீட்டிலேயே அளந்து கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் சின்னச் செலவில் திருத்தவும் செய்யலாம். அதற்கு உள்ளே நடப்பது என்னவென்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு. இப்படி வைத்தால் நல்ல தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம் நகரும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான். உப்புப் பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் திசை மாறி, உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீர் பிழிந்து வரும். ஆர்.ஓ., அதாவது ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், என்பது அவ்வளவுதான். இந்தத் தத்துவம் பழையது; வேலைக்கு ஆகிற சவ்வு கிடைத்தது 1960 வாக்கில்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். 1965-ல் கோலிங்கா என்ற சிறு ஊருக்கு அந்த முறையில் குடிநீர் கிடைத்தது. இன்று நம் வீட்டு மெஷினில் இருப்பது பிறகு வந்த பாலிஅமைடு சவ்வு. நடுக்குழலைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டியிருக்கும். மெக்கானிக்குகள் அதை மெம்பிரேன் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முடிவு செய்கிறது. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதே டி.டி.எஸ். எண். அழுத்தத்தைச் சொல்வது பி.எஸ்.ஐ. கணக்கில்; ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அர்த்தம். ஏறக்குறைய ஒவ்வொரு 100 டி.டி.எஸ்.ஸுக்கும் 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் உப்பைச் சமாளிக்கவே போய்விடும். 300 டி.டி.எஸ். உள்ள தண்ணீருக்கு 3 பி.எஸ்.ஐ. தான் இழப்பு. கடலோரக் கிணற்றில் 2000 வந்தால் 20. கடல் நீரில் 35,000. அங்கே வீட்டு மெஷின் ஒரு சொட்டும் தராது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் 800 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் கொடுப்பது இதனால்தான்.

வீட்டில் மாடித் தொட்டி தரும் அழுத்தம் எவ்வளவு? பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார், அதாவது 14 பி.எஸ்.ஐ. ஒரு மாடி வீட்டில் சமையலறைக் குழாய்க்கும் தொட்டிக்கும் நாலு மீட்டர் என்றால் 6 பி.எஸ்.ஐ. கூடத் தேறாது. அதனால்தான் மெஷினுக்குள் ஒரு சின்ன 24 வோல்ட் பம்ப் வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ‘கிர்ர்’ என்று கேட்கும் சத்தம் அதனுடையது. தண்ணீரை 60, 80 பி.எஸ்.ஐ. வரை அழுத்தி மெம்பிரேனுக்குள் தள்ளுவது அதன் வேலை. ஆர்.ஓ.வின் விளைச்சல் முழுக்க இந்த அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் குறைந்தால் நல்ல தண்ணீர் குறையும். கழிவோ அந்த அளவுக்குக் குறையாது. சில கோளாறுகளில் கூடவும் செய்யும். அழுத்தம் குறைந்தால் வருகிற நல்ல தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் ஏறும் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

மெம்பிரேன் மேல் 75 ஜி.பி.டி. என்றோ 80, 100 என்றோ எழுதியிருக்கும். நாளொன்றுக்கு இத்தனை கேலன் என்று அர்த்தம். 75 கேலன் என்பது சுமார் 284 லிட்டர். மணிக்கு 12 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு 200 மில்லி. சொல்லப்பட்ட அழுத்தமும் 25 டிகிரித் தண்ணீரும் இருந்தால்தான் இந்தக் கணக்கு. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். அந்த வகையில் நம் ஊர்த் தட்பவெப்பம் மெஷினுக்குச் சாதகம்தான். அதற்காக மாசி, பங்குனி வெயிலில் கறுப்புத் தொட்டியில் கொதித்த தண்ணீரை மதியம் மெஷினுக்குள் விட வேண்டாம். மெம்பிரேன் தாங்குவது 45 டிகிரி வரை. சூடு ஏறினால் உப்பும் கூடுதலாக நழுவி வரும். விடியற்காலையில் ஓட்டுவதே நல்லது.

கழிவு இல்லாமல் ஏன் முடியாது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புத்தளம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பாத்தியில் கட்டிய கடல் நீர் வெயிலில் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் நீரில் உப்பின் அடர்த்தி ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கரைந்திருக்க முடியாமல் அடியில் படிகிறது. முதலில் படிவது சாப்பாட்டு உப்பு இல்லை, சுண்ணாம்பு. அதற்குப் பிறகு ஜிப்சம். சாப்பாட்டு உப்பு அதற்கும் பிறகுதான். மெம்பிரேனுக்குள்ளும் இதே கதைதான். நல்ல தண்ணீரைப் பிழிந்து எடுக்க எடுக்க, மிச்ச நீரில் உப்பு அடர்ந்துகொண்டே போகும். அதை வெளியே ஓடவிடாவிட்டால் சுண்ணாம்பு மெம்பிரேன் மேலேயே படிந்து அடைத்துவிடும். சிங்க்கில் ஓடும் அந்தத் தண்ணீர் உப்பை ஏற்றிக்கொண்டு போகும் தண்ணீர். மெம்பிரேனின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

எவ்வளவு பிழியலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கிணற்று நீர் 800 டி.டி.எஸ். என்று வைப்போம். நூறு லிட்டரில் 25 லிட்டர் குடிநீராக எடுத்தால் கழிவில் டி.டி.எஸ். ஏறக்குறைய 1070 ஆகும். 50 லிட்டர் எடுத்தால் 1600. 75 லிட்டர் எடுத்தால் 3200. முதலில் மெதுவாக ஏறி, பிறகு எகிறுகிறது பாருங்கள். கால்வாசியிலிருந்து பாதிக்குப் போவது பெரும்பாலான தண்ணீரில் ஆபத்து இல்லாத வேலை. பாதியிலிருந்து முக்காலுக்குப் போவது அப்படியில்லை. கடினத்தன்மை குறைந்த தண்ணீராகவோ, படிவதைத் தடுக்கும் ஏற்பாடு உள்ள மெஷினாகவோ இருந்தால்தான் அது நிலைக்கும்.

உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று வெந்நீர்ப் பாத்திரமே சொல்லும். உள்ளே வெள்ளையாகக் கெட்டிப் பொருக்கு படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள். சரியான எண் வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிநீருக்குச் சொல்லும் கடினத்தன்மை அளவு 200 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை.

ஒரு அளவு ஜக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டரும்

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் எல்லார் வீட்டிலும் இருக்கும். இந்த இரண்டும் கையில் இருந்தால் மெக்கானிக் சொல்வதைச் சரிபார்க்க முடியும்.

ராஜாக்கமங்கலத்தில் எங்கள் சித்தி வீட்டு மெஷின் தொட்டி நிறைவதற்கு நாளுக்கு நாள் கூடுதல் நேரம் எடுத்தது. “மக்கா, மெக்கானிக் வந்து மெம்பிரேன் போயிட்டுன்னு சொல்லிட்டுப் போனாரு. மாத்தணுமா?” என்று கேட்டார். மெம்பிரேன்தான் மெஷினுக்குள் விலை கூடிய சாமான்களில் ஒன்று. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். நின்று கிடந்த மெஷினில் முதலில் வரும் தண்ணீரில் உப்பு எப்போதும் கூடுதலாக இருக்கும். அதை அளந்தால் கணக்குத் தப்பும். கிணற்று நீரைக் கொஞ்சம் கலந்து டி.டி.எஸ். கூட்டுகிற திருகு இருந்தால் அதையும் மூடிவிட வேண்டும். பிறகு தொட்டிக்குள் விழும் டியூபைக் கழற்றி ஜக்கில் விட்டு ஒரு நிமிடம் பிடித்தோம்: 110 மில்லி. கழிவு டியூபையும் அதேபோல ஒரு நிமிடம் பிடித்தோம்: 750 மில்லி. ஜக் நிறைவதைப் பார்த்து, “இம்புட்டு வெள்ளமுமா ஓடைக்குப் போவுது!” என்றார் சித்தி. ஒரு பங்குக்கு ஏறக்குறைய ஏழு பங்கு. உள்ளே போகும் தண்ணீரில் எட்டில் ஒரு பங்குதான் குடிநீராகிறது.

ஆனால் மீட்டர் வேறு கதை சொன்னது. கிணற்று நீர் 1150, வெளியே வரும் குடிநீர் 95. நூற்றுக்கு 92 பங்கு உப்பை மெம்பிரேன் தடுத்துக்கொண்டுதான் இருந்தது. 90-க்கு மேல் தடுக்கும் மெம்பிரேனை உப்புக்காக மாற்றத் தேவையில்லை. 80-க்குக் கீழே போனால்தான் அதன் காலம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் கோளாறு எங்கே? கழிவின் அளவுதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

கழிவு டியூப் போகும் வழியில் சின்ன விரல் நீளத்தில் ஒரு சாமான் இருக்கும். மெக்கானிக்குகள் எஃப்.ஆர்., அதாவது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், என்பார்கள். தண்ணீரைக் குறுகலான வழியில் விட்டு, பின்னால் அழுத்தம் ஏற வைப்பது அதுதான். அதன் மேல் 300, 450, 550 என்று எண் இருக்கும்; ஏறக்குறைய நிமிடத்துக்கு இத்தனை மில்லி விடும் என்று அர்த்தம். சித்தி வீட்டு மெஷினில் 450 என்று எழுதியிருந்தது. போனதோ 750. அதாவது கழிவுப் பக்கம் கட்டுப்பாடு விட்டுப்போயிருந்தது. பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் ஏறாமல் தண்ணீர் ஓடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. எஃப்.ஆரை மட்டும் மாற்றிய பிறகு குடிநீர் 190 மில்லி, கழிவு 460. டி.டி.எஸ். 95-லிருந்து 70-க்கு இறங்கியது. மெம்பிரேன் பழையதுதான்.

இந்த ஒரு நிமிட அளவு மற்ற கோளாறுகளையும் காட்டிக்கொடுக்கும். குடிநீர், கழிவு இரண்டுமே மெலிந்திருந்தால் தண்ணீர் மெம்பிரேனுக்கே சரியாக வந்து சேரவில்லை. முன்னால் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தளர்ந்துவிட்டது. கழிவு சரியாக இருந்து குடிநீர் மட்டும் குறைந்திருந்தால் மெம்பிரேனில் சுண்ணாம்போ அழுக்கோ படிந்திருக்கிறது. குடிநீரின் அளவு சரியாக இருந்து டி.டி.எஸ். மட்டும் திடீரென்று எகிறினால் மெம்பிரேன் பழுதாகியிருக்கும், அல்லது அதன் ரப்பர் வளையம் விலகியிருக்கும்.

இன்னொன்றைத் தவறாமல் பாருங்கள். தொட்டி நிறைந்து மெஷின் நின்ற பிறகும் கழிவு டியூபில் சொட்டு விழுகிறதா? மெஷின் நிற்கும்போது தண்ணீரை அடைக்க வேண்டிய எஸ்.வி., அதாவது சால்னாய்டு வால்வு, முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். மாடித் தொட்டித் தண்ணீர் மெஷின் வழியாகச் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 50 மில்லி என்றாலும் ஒரு நாளைக்கு 72 லிட்டர். மெஷின் உழைத்து வீணாக்குவதைவிட இது கூடுதலாக இருக்கக்கூடும். டியூபின் நுனி சிங்க் ஓட்டைக்குள் மறைந்திருந்தால் இது கண்ணிலேயே படாது. அதனால் டியூபை வெளியே தெரியும்படி வையுங்கள்.

முன்னால் நிற்கும் ஃபில்டர்கள்

மெஷினுக்கு வெளியே கண்ணாடிக் கிண்ணம் மாதிரித் தொங்குவதற்குள் வெள்ளை நூல் உருளை இருக்கும். அதற்குப் பிறகு மெஷினுக்குள் மண்ணைப் பிடிக்கும் ஒரு ஃபில்டர், பிறகு கார்பன். இவற்றின் செலவைத் தள்ளிப்போடுபவர்கள் மெம்பிரேனுக்குச் செலவு செய்வார்கள்.

நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு பருவத்திலும் கிணற்று நீர் கலங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருளையை மாற்றச் சொல்வது பொது அளவு. கலங்கல் நேரத்தில் மாதம் ஒருமுறை கிண்ணத்தைப் பாருங்கள். செம்மண் ஊர்க் கிணறுகளில் இறைத்து வைத்த தண்ணீர் மறுநாள் மஞ்சளாகப் படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. அந்த உருளை தேயிலைக் கறை நிறத்துக்கு மாறி, தொட்டால் வழவழக்கும். இரும்பு மெம்பிரேனுக்குள் போனால் கழுவி எடுப்பது கடினம். தொட்டியில் ஒரு இரவு தெளிய விட்டு மேல் தண்ணீரை எடுத்தாலே பாதி அடங்கும்.

கார்பனின் முக்கிய வேலை குளோரினைப் பிடிப்பது. பாலிஅமைடு மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகவே ஆகாது. அரித்து ஓட்டை போட்டுவிடும். முக்கடல் அணைத் தண்ணீர் வரும் நாகர்கோவில் வீடுகளில் குழாய் நீரில் எப்போதும் குளோரின் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கார்பனை நேரத்துக்கு மாற்ற வேண்டும். கிணற்று வீடுகளில் வேறு சிக்கல். மழைக்காலத்தில் பஞ்சாயத்து ஆட்கள் கிணறு கிணறாகப் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். போட வேண்டியதும்தான். ஆனால் அன்று கிணற்றில் இருக்கும் குளோரினைச் சின்னக் கார்பன் ஃபில்டர் முழுதாகத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். வாசனை போகும்வரை ஒன்றிரண்டு நாள் மெஷினை அணைத்து, காய்ச்சிய தண்ணீரைக் குடியுங்கள்.

கழிவை இன்னும் குறைக்க வேண்டுமென்றால்

மெஷின் சரியாக ஓடினாலே 25, 30 சதவீதம் குடிநீராகும். அதற்கு மேல் போக வழிகள் உண்டு.

சுலபமானது எஃப்.ஆர். எண்ணைக் குறைப்பது. 190 மில்லி குடிநீர் தரும் மெஷினில் 450-க்குப் பதில் 300 போட்டால் 30 சதவீதம் என்பது 39-க்குப் போகும். கடினத்தன்மை குறைந்த தண்ணீரில் இதைத் துணிந்து செய்யலாம். பாத்திரத்தில் பொருக்கு படியும் தண்ணீரில் செய்தால் மெம்பிரேன் சீக்கிரம் அடையும். அங்கே படிவு தடுக்கும் உருண்டைகள் போட்ட ஃபில்டரை முன்னால் சேர்த்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம். எப்படிச் செய்தாலும் கழிவு டியூபை மடக்கி நூல் கட்டும் வேலை வேண்டாம். அதில் அளவே கிடையாது. அழுத்தம் ஏறி டியூப் பிடுங்கிக்கொண்டால் சமையலறை மிதக்கும்.

முதல் மெம்பிரேனின் கழிவை இரண்டாவது மெம்பிரேனுக்குள் விடுவது இன்னொரு வழி. ஒவ்வொன்றும் 30 சதவீதம் எடுத்தால் மொத்தம் 51 சதவீதம். ஆள் கூடிய வீட்டுக்குப் பொருந்தும். இதிலும் சுண்ணாம்புக் கணக்குதான் முடிவு சொல்லும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. பலர் பயந்து ஒதுக்குவது. கழிவை மாடித் தொட்டிக்கே திருப்பி அனுப்பலாமா? உப்பு சுற்றிச் சுற்றி ஏறிவிடாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 லிட்டர் தொட்டி, 800 டி.டி.எஸ். அதில் கரைந்திருக்கும் உப்பு 400 கிராம். அதிலிருந்து 10 லிட்டர் குடிநீர் எடுத்து, கழிவை எல்லாம் திருப்பி ஊற்றினால் 490 லிட்டரில் அதே 400 கிராம். டி.டி.எஸ். 816. அவ்வளவுதான் ஏற்றம். குளிக்க, துவைக்க என்று அந்தத் தொட்டி தினமும் காலியாகிப் புதுத் தண்ணீர் வந்தால் உப்பு சேராது; வீட்டு வேலைகளோடு போய்விடும். கழிவில் மிச்சமிருக்கும் அழுத்தம் ஒரு மாடி உயரம் ஏறப் போதும். ஆனால் ஆர்.ஓ.வுக்கு மட்டும் தண்ணீர் தரும் சின்னத் தொட்டிக்குத் திருப்பினால் சில நாளில் உப்பு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். அங்கே செய்யவே கூடாது. தொட்டித் தண்ணீரை யாரும் நேரே குடிப்பதில்லை என்பதும் உறுதியாக இருக்க வேண்டும்.

குழாய் வேலைக்கு வசதி இல்லாதவர்கள் வாளியில் பிடிக்கலாம். ஒவ்வொரு தம்ளருக்கும் மெஷினை ஓடவிடாமல், தொட்டி நன்றாகக் குறைந்த பிறகு காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சுவிட்சைப் போடுங்கள். மெம்பிரேனுக்கும் அது நல்லது. கழிவும் ஒரே நேரத்தில் வாளி நிறையச் சேரும். தரை துடைக்க, கழிப்பறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு ஆகும். தென்னை இந்த உப்பைத் தாங்கும். வாழை தாங்காது, தொட்டிச் செடிகளும் அப்படித்தான்.

டி.டி.எஸ். கூட்டும் திருகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 60 டி.டி.எஸ். தண்ணீர் சப்பென்று இருக்கும். ஒன்பது லிட்டர் குடிநீரோடு 800 டி.டி.எஸ். கிணற்று நீர் ஒரு லிட்டர் கலந்தால் 134 ஆகும். ருசியும் கூடும், கழிவில்லாமல் ஒரு லிட்டரும் கிடைக்கும். ஆனால் கலக்கும் தண்ணீர் மெம்பிரேன் வழியாக வராதது. கிருமியைக் கொல்ல யு.வி., அதாவது புற ஊதா, விளக்கு இருக்கிறது, செப்டிக் டேங்கிலிருந்து கசியும் நைட்ரேட்டை யு.வி. ஒன்றும் செய்யாது. கிணற்றுக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் திருகை மூடியே வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டுமா?

மிச்சப்படுத்துவதில் பெரிய மிச்சம், தேவையில்லாத இடத்தில் ஆர்.ஓ. வைக்காமல் இருப்பது. ஐ.எஸ். 10500 கணக்கில் 500 வரை டி.டி.எஸ். குடிக்க ஏற்றது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. 500-க்குக் குறைவான தண்ணீர் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், அனுமதிக்கும் இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் குடிநீராக எடுப்பதைக் கட்டாயமாக்கவும் 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசிடம் சொன்னது.

நம் மாவட்டம் சின்னது; தண்ணீரோ ஒரே மாதிரி இல்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கு வருவது மலையில் பெய்த மழை. திருவட்டார், விளவங்கோடு பக்கம் மேட்டு நிலக் கிணறு உள்ளவர்கள் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு மெஷின் வாங்கலாமா என்று யோசியுங்கள். எண் 500-க்கு வெகு கீழே நின்றால் அங்கே கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி இல்லை, கிருமியைப் பற்றி. ஐந்து சென்ட் நிலத்தில் கிணறும் செப்டிக் டேங்கும் அடுத்தடுத்து இருக்கிறது. கிருமியை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. காய்ச்சிக் குடித்தாலோ யு.வி. வைத்தாலோ அந்தப் பிரச்சினை தீரும். ஒரு சொட்டும் ஓடைக்குப் போகாது. பரிசோதனைக் கூடத்தில் நைட்ரேட்டும் அளவுக்குள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அங்கே ஆர்.ஓ. விற்க வருகிறவரிடம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

மணக்குடி, ராஜாக்கமங்கலம், குளச்சல் என்று கடலோரத்தில் நிலைமை வேறு. 2004 சுனாமியில் கடல் நீர் கரையோரக் கிணறுகளுக்குள்ளேயே புகுந்தது. சுனாமி இல்லாத வருடத்திலும் கோடையில் கிணற்றை அதிகம் இறைத்தால் நிலத்தடியில் உப்பு நீர் ஏறி வரும். கொதிக்க வைத்தால் உப்பு போகாது. அந்த வீடுகளுக்கு ஆர்.ஓ. தேவைதான், ஒவ்வொரு லிட்டரும் கணக்குப் பார்க்க வேண்டியதும் அங்கேதான். ஒருமுறை எடுத்த டி.டி.எஸ். எண்ணை வருடம் முழுக்க நம்ப வேண்டாம். மழைக்கு முன் மே மாதத்தில் ஒன்று, மழை முடிகிற டிசம்பரில் ஒன்று என்று இரண்டு முறையாவது எடுங்கள். எஃப்.ஆர். எண்ணை மே மாத அளவை வைத்து முடிவு செய்யுங்கள்.

கல்ஃபில் வேலை பார்ப்பவர்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அப்படிக் கிடக்கும் மெஷினில் மெம்பிரேன் காயக் கூடாது, தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும். பூட்டிப் போகுமுன் உள் தொட்டியைக் காலி செய்து, துடைத்து, மெஷினின் மின்சாரத்தையும் தண்ணீர் வால்வையும் அணைத்துவிடுங்கள். மெம்பிரேன் இருக்கும் குழலைத் திறந்து வடிக்க வேண்டாம். திரும்பி வந்ததும் நூல் உருளையையும் கார்பனையும் புதிதாகப் போட்டு, முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் வெளி வேலைக்கு எடுங்கள். அதற்குப் பிறகு ஜக்கில் ஒரு நிமிடம் பிடித்து, மீட்டரை வைத்துப் பார்த்து, இரண்டு எண்களையும் தேதியோடு மெஷின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தடவை மெக்கானிக் வரும்போது அதைக் காட்டிவிட்டு மெஷினைத் திறக்கச் சொல்லுங்கள்.